குழாய் உடைந்த நகரில் தீயை எதைக்கொண்டு நிறுத்துவது? 1906 சான் பிரான்சிஸ்கோவை வைத்து ஓர் ஒப்பீடு

சான் பிரான்சிஸ்கோ நகரின் மேற்கே சன்செட், ரிச்மண்ட் என்று இரண்டு பெரிய குடியிருப்புப் பகுதிகள் உண்டு. மரச்சட்ட வீடுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டித் தெருத்தெருவாக நிற்கின்றன. தீயணைப்புக்கென்றே போடப்பட்ட உயர் அழுத்தக் குழாய் வலை நகரின் வடகிழக்கில் அடர்த்தியாக இருக்கிறது, இங்கே மிகக் குறைவு. அடுத்த பெரிய நிலநடுக்கத்தில் இங்கே தீப்பிடித்தால் எந்தத் தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது என்பது நீண்டகால விவாதம். 2010, 2014, 2020 ஆகிய ஆண்டுகளில் நிலநடுக்கப் பாதுகாப்புக்கான கடன் பத்திரங்களுக்கு வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். ஆனால் மேற்குப் பகுதிக்கு எந்த ஏற்பாடு சரி என்பதில் நகரத்தின் குடிநீர்த் துறையும் ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரிகள் சிலரும் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

இதை எடைபோட 1906 ஏப்ரலில் இந்நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தையும் தீயையும்விட நல்ல சான்று கிடையாது. மூன்று நாளில், ஒரே நகரில், தீயை நிறுத்த அன்று தெரிந்திருந்த வழிகள் எல்லாமே முயன்று பார்க்கப்பட்டன. வெடிவைத்துத் தகர்த்தார்கள், அகலமான தெருவில் எல்லை வகுத்தார்கள், கடல்நீரை ஏற்றினார்கள், பழைய நிலத்தடித் தொட்டிகளைத் திறந்தார்கள், கட்டடத்துக்குள்ளேயே இருந்த கிணற்றை நம்பினார்கள். எது தீயைப் பிடித்தது, எது தீயைப் பெருக்கியது என்பது தெருவாரியாகப் பதிவாகியிருக்கிறது.

தண்ணீர் எங்கே போனது

1906 ஏப்ரல் 18, புதன்கிழமை காலை 5:12. நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 7.9. நகரின் பல இடங்களில் 50க்கும் மேற்பட்ட தீ ஒரே நேரத்தில் மூண்டது. தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் தங்கியிருந்த நிலையத்தின்மேல் பக்கத்து ஹோட்டலின் உச்சிப் பகுதி சரிந்து விழுந்ததில் படுகாயமடைந்தார், நான்கு நாள் கழித்து இறந்தார். கடல்நீர் ஏற்பாடு வேண்டும், பழைய தொட்டிகளைச் சீர்செய்ய வேண்டும் என்று நெடுநாள் கேட்டுவந்தவர் அவர். அவருக்குப் பதிலாக ஜான் டௌகர்ட்டி பொறுப்பேற்றபோது எச்சரிக்கைத் தந்தி அமைப்பு செத்துப்போயிருந்தது, குழாயில் காற்றுதான் வந்தது.

நகரில் தண்ணீரே இல்லாமல் போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்தது அதைவிடக் கொடுமை. நகருக்குத் தண்ணீர் வழங்கிய ஸ்பிரிங் வேலி நிறுவனத்தின், நகர எல்லைக்குள் இருந்த நீர்த்தேக்கங்களில் சுமார் 30 கோடி லிட்டர் நின்றிருந்தது. தெற்கே சான் மட்டேயோ மாவட்ட ஏரிகளிலிருந்து வந்த மூன்று பெரும் குழாய்களும் உடைந்தன. அவற்றில் ஒன்று நிலநடுக்கம் எழுந்த நிலப்பிளவுக்கோட்டை ஒட்டியே ஓடியது, இன்னொன்று சதுப்பு நிலத்தைக் கடந்தது. ஆனால் அந்த மூன்றும் உடைந்ததால் மட்டும் நகரம் எரியவில்லை. தேக்கத்துக்கும் ஹைட்ரன்டுக்கும் (தீயணைப்பு ஹோஸைப் பொருத்தும் தெரு நீர்முனை) இடையே தெருக்குழாய்களில் சுமார் 300 உடைப்புகள், வீட்டு இணைப்புகளில் சுமார் 23,200 உடைப்புகள். பழைய ஓடையையும் சேற்று நிலத்தையும் மண் கொட்டி நிரப்பிய இடங்களில் உடைப்புகள் கொத்தாக விழுந்தன. வலென்சியா தெருவில் காலேஜ் ஹில் தேக்கத்திலிருந்து வந்த முதன்மைக் குழாய்கள் முறிந்து, மிஷன் பகுதிக்கான தண்ணீர் அங்கேயே பீறிட்டு வீணானது. இடிந்து விழுந்த ஒவ்வொரு வீட்டின் இணைப்புக் குழாயும் மூட ஆளில்லாத திறந்த வாயாக இருந்தது. 23,200 வாய்கள் திறந்திருக்கும் வலையில் அழுத்தம் நிற்காது.

இனி ஒப்பிடும் ஒவ்வொரு வழிக்கும் இதுவே உரைகல். தேக்கத்தில் எத்தனை கோடி லிட்டர் என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீருக்கும் தீக்கும் இடையே எத்தனை மூட்டு, எத்தனை வால்வு, எத்தனை அடி மென்மண் என்பதே முதல் கேள்வி.

வெடி

முதலில் கைகொடுக்கும் என்று நம்பியது வெடிமருந்தை. பிரெசிடியோ படைமுகாமிலிருந்து ஜெனரல் பிரெடரிக் ஃபன்ஸ்டனின் வீரர்கள் கொண்டுவந்தார்கள், வெடிமருந்து நிறுவனங்களும் அனுப்பின. கணக்கு எளிமையானது: தீக்கு முன்னால் ஒரு வரிசைக் கட்டடத்தை வீழ்த்தினால் எரிய ஒன்றும் இராது.

இந்தக் கணக்கு நான்கு இடத்தில் பிசகியது.

ஒன்று, மருந்தின் வகை. குச்சி டைனமைட் நொடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் வேகத்தில் வெடித்துத் தூணையும் சுவரையும் நொறுக்கும், சுடர் கொஞ்ச நேரம்தான். கருமருந்து அப்படி வெடிப்பதில்லை. வேகமாக எரிந்து, வாயுவால் சுவரைத் தள்ளி, எரியும் துகளை எல்லாப் பக்கமும் வீசும். குச்சி டைனமைட் போதாதபோது கருமருந்தையும் தூள்வடிவ டைனமைட்டையும் பயன்படுத்தினார்கள். மரத்தளமும் திரைச்சீலையும் மெத்தையும் உள்ள வீட்டுக்குள் அவற்றை வைப்பது பற்றவைப்பதற்குச் சமம். வெடிப்பணியைக் கவனித்த படை அதிகாரிகளே பிறகு குச்சி டைனமைட்டுக்கும் மற்றவற்றுக்கும் இடையே இந்த வேறுபாட்டைத் தங்கள் அறிக்கையில் எழுதினார்கள்.

இரண்டு, தூரம். மேயர் யூஜின் ஷ்மிட்ஸ் தொடக்கத்தில் தீயைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டடங்களை மட்டுமே தகர்க்க இசைந்தார். சொத்துக்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்ற அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் தகர்ப்புக்கு நேரம் வேண்டும். ஆட்களை வெளியேற்ற வேண்டும், கீழ்த்தளத் தாங்குதூண்களில் மருந்தைக் கட்டி மணல்மூட்டையால் அழுத்த வேண்டும், திரி இழுக்க வேண்டும், விழுந்த குவியலை அகற்றவோ நனைக்கவோ வேண்டும். தீயிலிருந்து ஒரு கட்டடம் தள்ளி இதைத் தொடங்கினால் குவியல் விழும்போதே தீயும் வந்து சேர்ந்துவிடும்.

மூன்று, குவியல். நிற்கும் செங்கல் கட்டடத்தில் தீ சன்னல் வழியாகவும் கூரை வழியாகவும்தான் நுழைய முடியும். உடைந்து சரிந்த கட்டடத்தில் விட்டமும் பலகையும் பிளந்து, காற்று புகும்படி அடுக்கி வைத்த விறகாகக் கிடக்கும். அதை அள்ள அன்று எந்திரம் இல்லை, நனைக்கத் தண்ணீர் இல்லை.

நான்கு, சன்னல். ஒரு வெடிப்பில் சுற்றிலும் பல கட்டடங்களின் கண்ணாடி நொறுங்கும். காற்றில் வரும் கங்குக்குத் திறந்த சன்னல் போதும். ஒரு கட்டடத்தைத் தகர்த்து எதிர்வரிசை முழுவதையும் தீக்குத் திறந்துவிட்டது போலாகும்.

இவை ஏட்டில் மட்டும் உள்ள குறைகள் அல்ல. கியர்னி தெருவை ஒட்டி நடந்த வெடிப்பில் எரியும் படுக்கைப் பொருள் எதிர்ப்பக்கம் பறந்து சைனாடவுனைப் பற்றவைத்தது. வான் நெஸ் அவென்யூ அருகே கிரீன் தெருவில் வியாவி என்ற மருந்து நிறுவனத்தின் கட்டடத்தை வெடிவைத்தபோது உள்ளே ஆல்கஹால் இருந்தது. அங்கிருந்து எழுந்த தீ கிழக்கே திரும்பி ரஷ்யன் ஹில்லையும் நார்த் பீச்சையும் நோக்கிப் போனது. ஏறக்குறைய காப்பாற்றப்பட்டுவிட்ட பகுதி அது. 1906இன் இழப்புகளில் இதுவே எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அதைத் தவிர்த்திருக்க முடியும்.

லண்டனின் 1666 பெருந்தீயில் வெடிமருந்து பலித்ததே என்று கேட்கலாம். பலித்தது உண்மை. ஆனால் அங்கே செப்டம்பர் 4ஆம் தேதி இரவு காற்று தணிந்தது, வீடுகள் சிறியவை, தீக்குப் போதிய தூரம் முன்னால் வரிசையாகத் தகர்த்தார்கள். மேயர் புளட்வொர்த் முதல் நாள் இடிக்கத் தயங்கியபோது கொக்கிகளால் செய்த வேலை எதுவும் தீயின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பால்டிமோரில் 1904 பிப்ரவரியில் டைனமைட் வைத்தார்கள், தீ தாண்டிப் போனது. கடைசியில் ஜோன்ஸ் ஃபால்ஸ் என்ற நீரோடைக் கரையில் நீராவிப் பம்புகளை வரிசையாக நிறுத்தித்தான் பிடித்தார்கள். வெடி பலித்த இடம், பலிக்காத இடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காற்றின் வேகமும் தூரமும் தண்ணீரும்தான் வேறுபடுகின்றன.

அகலத் தெருவும் எதிர்த்தீயும்

வான் நெஸ் அவென்யூவின் அகலம் 125 அடி. நகரின் மிக அகலமான தெரு. அதன் கிழக்குப் பக்க மாளிகைகளைத் தகர்த்தும் சிலவற்றுக்கு வேண்டுமென்றே தீவைத்தும் தீயின் உணவை முன்கூட்டியே தீர்க்க முயன்றார்கள். பெரும்பாலான நீளத்தில் தீ அங்கே நின்றது. கிளே தெருவுக்கும் சட்டர் தெருவுக்கும் இடையே தாண்டியது. தாண்டிய தீயை ஃபிராங்க்ளின் தெருவில் மடக்கினார்கள்.

வான் நெஸ் வெடியின் வெற்றி என்று பல நூல்கள் சொல்கின்றன. அங்கே வளைகுடாவிலிருந்து தெருவழியே ஏற்றிய கடல்நீரும் இருந்தது, மேற்குப் பக்கக் கூரைகளில் ஈரச்சாக்கோடு நின்ற ஆட்களும் இருந்தார்கள். 125 அடி இடைவெளி நேரடி வெப்பத்தைக் குறைக்கும், கங்கைத் தடுக்காது. எதிர்ப்பக்கம் விழும் கங்கை மிதித்து அணைக்க ஆள் இருந்தால்தான் தெரு ஒரு தடுப்பாகும். எதிர்த்தீ இன்னும் ஆபத்து: காற்று தீயை நோக்கி உள்ளிழுக்கும் கணத்தில் வைத்தால்தான் அது முன்தீயோடு போய்ச் சேரும், காற்று ஒருமுறை திரும்பினால் புதிய தீயாகிவிடும். காட்டில் பழகிய கை வேண்டும், நகரத்தில் அதற்கு இடமில்லை.

கடல்நீர்

மேர் ஐலண்ட் கடற்படைத் தளத்திலிருந்து பிரெபிள் என்ற போர்க்கப்பலும் ஆக்டிவ், லெஸ்லி என்ற இழுவைப் படகுகளும் வந்தன. லெஃப்டினன்ட் ஃபிரடெரிக் ஃப்ரீமன் தலைமையில் இந்தச் சிறு அணி கரையோரக் கப்பல் துறைகளைக் காத்தது. ஃபெரி கட்டடமும் துறைகளும் மிஞ்சியதால்தான் ஆயிரக்கணக்கானோர் கடல்வழியே தப்பினார்கள், நிவாரணப் பொருள் உள்ளே வந்தது. டெலிகிராஃப் ஹில் மேட்டின் மேல் சுமார் ஒரு மைல் நீளத்துக்கு ஹோஸ் இழுத்து ஜாக்சன், மான்ட்கோமரி தெருக்கள் சந்திக்கும் பகுதிக்குக் கடல்நீர் கொடுத்தார்கள். அங்கே ஒரு கொத்துக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன, ஹோட்டலிங் விஸ்கி கிடங்கு உட்பட.

கடல் தீராது என்பதால் மட்டும் இது எளிய வழியாகிவிடாது. கணக்கைப் பாருங்கள். 2½ அங்குல ஹோஸில் நிமிடத்துக்கு 950 லிட்டர் ஓடினால் ஒவ்வொரு 100 அடிக்கும் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 13 பவுண்டு வரை உராய்வில் போகும். ஒரு மைலுக்கு 660 பவுண்டு. எந்தத் தனிப் பம்பும் அதைத் தராது, ஹோஸும் தாங்காது. ஓட்டத்தைப் பாதியாக்கினால் உராய்வு கால்பங்காகும், அல்லது இடையிடையே பம்பு வைத்துத் தொடராக ஏற்ற வேண்டும். மேட்டில் ஏறும் ஒவ்வொரு 100 அடி உயரத்துக்கும் தனியாக 43 பவுண்டு. அதே 950 லிட்டர் 5 அங்குல ஹோஸில் ஓடினால் 100 அடிக்கு அரைப் பவுண்டுதான். விட்டம் இரட்டித்தால் உராய்வு இருபத்தைந்தில் ஒன்றாகிறது. பிற்காலத் தீர்வு முழுவதும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தது.

கரையில் நிற்கும் பம்பு கடலை உறிஞ்ச வேண்டும் என்றால் இன்னொரு எல்லை உண்டு. காற்றழுத்தம் தண்ணீரைத் தூக்குவது கோட்பாட்டில் 10 மீட்டர், நடைமுறையில் 6 அல்லது 7. கடல்மட்டம் இறங்கிய நேரத்தில் உயரமான துறைமேடையிலிருந்து உறிஞ்சும்போது இந்த எல்லை கிட்டே வந்துவிடும். உறிஞ்சு குழாயின் ஒரு ரப்பர் வளையம் கசிந்தாலும் பம்பு பிடிக்காது. நீராவிப் பம்புகளுக்கு வேறொரு தலைவலி: தெளிப்பது கடல்நீராக இருக்கலாம், கொதிகலனுக்கு நன்னீர்தான் வேண்டும். உப்புநீர் நுரைத்துப் பொங்கும், படிந்து குழாயை அடைக்கும். படகு தன் நன்னீரைத் தீர்த்துவிட்டால் கடல் நடுவிலேயே செயலிழக்கும்.

நிலத்தடித் தொட்டியும் ஒரு ஹைட்ரன்டும்

1849 முதல் 1851 வரை பெருந்தீகளைத் திரும்பத் திரும்பச் சந்தித்த நகரம் தெருச்சந்திகளுக்கு அடியில் செங்கல் தொட்டிகளைக் கட்டியிருந்தது. குழாய்த் தண்ணீர் வந்ததும் அவற்றைக் கைவிட்டார்கள். 1906இல் பயன்படும் நிலையில் இருந்தவை இரண்டு டஜன் மாத்திரம். இருந்த இடத்தில் அவை வேலை செய்தன, ஒவ்வொன்றும் கொஞ்ச நேரத்துக்கு.

மிஷன் பகுதியில் 20ஆம் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு ஹைட்ரன்ட் உயிரோடு இருந்தது. உடைப்புகளுக்கு மேலே, பாறை நிலத்தில் இருந்ததே காரணம். குதிரைகள் களைத்து விழுந்த நிலையில் பொதுமக்கள் கயிறு கட்டி நீராவிப் பம்பை மேட்டில் ஏற்றினார்கள். அந்த ஒரு ஹைட்ரன்டின் தண்ணீர், ஈரச்சாக்கு, வீட்டுக் கதவைப் பெயர்த்துக் கேடயமாகப் பிடித்த ஆட்கள். தெற்கே மிஷன் பகுதி தப்பியது. அந்த ஹைட்ரன்டுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 18இல் தங்கநிறம் பூசுகிறார்கள்.

இன்று நகரில் சுமார் 200 தொட்டிகள் உள்ளன. சந்தியில் பெரிய செங்கல் வட்டம் தெரிந்தால் அடியில் தொட்டி என்று அர்த்தம். பெரும்பாலானவற்றின் கொள்ளளவு சுமார் 2,84,000 லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருபத்துமூன்று, இருபத்துநான்கு கொண்டுவரும் அளவு. எந்தக் குழாயோடும் இவை இணைக்கப்படவில்லை, அதுதான் பலம். பலவீனம் நேரம்: நிமிடத்துக்கு 5,700 லிட்டர் இழுக்கும் தீயணைப்பு வண்டி ஒன்று 50 நிமிடத்தில் காலி செய்துவிடும். இரண்டு வண்டி நின்றால் 25 நிமிடம். மீண்டும் நிரப்ப வழி தெரியாமல் தொட்டி கட்டுவது பாதி வேலை. மூடியின்மேல் காரை நிறுத்தியிருந்தால், உறிஞ்சு குழாயின் சல்லடையில் சேறு அடைத்தால், அந்த 50 நிமிடமும் கிடைக்காது.

கட்டடத்துக்குள் தண்ணீர்

ஐந்தாம் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் இடத்தில் அரசின் நாணய ஆலை. சுமார் 20 கோடி டாலர் தங்கம் உள்ளே. முற்றத்தில் ஆழ்கிணறு, நிலநடுக்கத்தில் கெட்ட பம்பைச் சரிசெய்தார்கள். கண்காணிப்பாளர் ஃபிராங்க் லீச்சும் பணியாளர்களும் சில வீரர்களும் இரும்புச் சன்னல் கதவுகளை மூடி, கூரைக்கு ஹோஸ் ஏற்றி, உள்ளே பிடிக்கும் சிறு தீயை வாளியால் அணைத்துப் பல மணி நேரம் நின்றார்கள். கண்ணாடி உருகியது, கல் வெடித்தது, கட்டடம் நின்றது.

சற்றுத் தள்ளி மார்க்கெட் தெருவில் பேலஸ் ஹோட்டல். அதற்கும் நிலவறைத் தொட்டியும் கூரைத் தொட்டிகளும் பல லட்சம் லிட்டரும் இருந்தன. அந்தத் தண்ணீரைச் சுற்றுப்புறத் தீயோடு போராடவும் செலவழித்தார்கள். அது தீர்ந்தது, ஹோட்டல் அன்று பிற்பகலே எரிந்தது. வேறுபாடு சன்னலில் இருக்கிறது: நாணய ஆலையில் இரும்புக் கதவுள்ள அளவான சன்னல்கள், ஹோட்டலில் நூற்றுக்கணக்கான திறந்த சன்னல்கள். அந்தச் சன்னல்களை மூடாத கட்டடத்துக்கு எத்தனை லட்சம் லிட்டரும் போதாது.

ஏழாம் தெரு அஞ்சலகத்தில் ஊழியர்கள் சிலர் வெளியேற மறுத்து, நனைத்த தபால் பைகளால் தீயை அடித்து அணைத்துக் கட்டடத்தைக் காத்தார்கள். அதேசமயம் நகரின் பல பகுதிகளில் படைவீரர்கள் துப்பாக்கி முனையில் குடியிருப்போரைத் துரத்தினார்கள். கூரையில் விழும் கங்கை அணைக்க ஆளில்லாமல் வீடுகள் எரிந்தன. இடிந்த புகைபோக்கியோடு அடுப்பு மூட்டியதில் தொடங்கிய ஹேய்ஸ் தெருத் தீயும் நகர மண்டபத்தை விழுங்கியது. தொடக்கத்தில் அது ஒரு சமையலறைத் தீதான்.

நகரம் வாங்கியதும் 1989இல் நடந்ததும்

தீ முடிந்தபோது சுமார் 28,000 கட்டடங்கள் அழிந்திருந்தன. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். இறந்தோர் 3,000க்கும் மேல் என்பது பிற்கால ஆய்வின் கணிப்பு. 1908இல் நகரம் 52 லட்சம் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு, பொறியாளர் மார்ஸ்டன் மேன்சன் மேற்பார்வையில், குடிநீரோடு தொடர்பில்லாத தனி வலையை 1913க்குள் கட்டியது. ட்வின் பீக்ஸ் உச்சியில் சுமார் 4 கோடி லிட்டர் தேக்கம், கீழே ஆஷ்பரி தொட்டியும் ஜோன்ஸ் தெருத் தொட்டியும், வளைகுடாவிலிருந்து நிமிடத்துக்கு 40,000 லிட்டர் அளவில் தரும் இரண்டு கடல்நீர் பம்பு நிலையங்கள், இரண்டு தீயணைப்புப் படகுகள், தொட்டிகள். தடித்த வார்ப்பிரும்புக் குழாய். நிரப்பு நிலப் பகுதிகளைத் தனித்தனியே துண்டிக்க எல்லை வால்வுகள்.

பூமி இதைச் சோதித்தது 1989 அக்டோபர் 17 மாலை 5:04க்கு. சில இடங்களில்தான் உடைப்பு, அதில் ஒன்று ஏழாம் தெருவின் 12 அங்குலக் குழாய். நிரப்பு நிலத்தை மூட வேண்டிய வால்வுகள் மூடப்படுமுன் ஜோன்ஸ் தெருத் தொட்டி அரை மணி நேரம் ஆவதற்குள் வடிந்தது. கீழ்ப்பகுதி முழுக்க அழுத்தம் போயிற்று. மரீனா பகுதியில் குடிநீர்க் குழாய்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்திருந்தன. பீச் தெருவும் டிவிசடெரோ தெருவும் சந்திக்கும் இடத்தில் நான்குமாடிக் குடியிருப்பு எரிந்தது. எண்பத்துமூன்று ஆண்டு முன் நடந்தது மீண்டும் நடந்திருக்கும்.

நடக்காமல் தடுத்தது மலிவான ஏற்பாடு. உதவித் தலைவர் ஃபிராங்க் பிளாக்பர்ன் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் வண்டிகளில் 5 அங்குல ஹோஸையும் எங்கேயும் பொருத்தக்கூடிய கையடக்க ஹைட்ரன்டுகளையும் அழுத்தம் குறைக்கும் வால்வுகளையும் ஏற்றி ஓர் அணியை உருவாக்கியிருந்தார். ஃபீனிக்ஸ் என்ற தீயணைப்புப் படகு மரீனாவுக்கு வந்து வளைகுடா நீரை அந்த ஹோஸ்களுக்குக் கொடுத்தது. பொதுமக்கள் கைகோத்து இழுத்தார்கள். படகு 18 மணி நேரம் போல ஓடி ஏறக்குறைய 2 கோடி லிட்டர் ஏற்றியது. அன்று காற்று ஏறக்குறைய இல்லை, இதையும் எழுதிவைக்க வேண்டும். வழக்கமான மேற்குக் காற்று வீசியிருந்தால் ஒரு படகு போதியிருக்குமா என்பதை நம்பி எந்தத் திட்டமும் போடக்கூடாது.

மேற்குப் பகுதிக்கு எதை எடுப்பது

வெடியை இந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இன்று கட்டடத்தை வீழ்த்த வேண்டியிருந்தால் பொக்லைன் உண்டு. பொறி இல்லை, சன்னல் உடையாது, குவியலையும் அதுவே அள்ளும். அப்போதும் தீயிலிருந்து பல கட்டடம் தள்ளித் தொடங்க வேண்டும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும்.

மீதமுள்ளவற்றை நேரத்தை வைத்துப் பிரித்தால் தெளிவு வரும். முதல் ஒரு மணி நேரம் தொட்டிக்குரியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு வரும் தீ அத்தனையும் முதலில் ஒரு சமையலறை அளவில்தான் இருக்கும். ஒரு தீயணைப்பு வண்டிக்கு 50 நிமிடத் தண்ணீர் அப்போது கிடைப்பது, ஐந்து மணி நேரம் கழித்துக் கிடைக்கும் கடலைவிட மதிப்பு. சன்செட்டில் தொட்டிகள் நெருக்கமாக வேண்டும். அவற்றின்மேல் காரை நிறுத்தாதபடி சாலையில் குறி போட்டு அபராதமும் வைக்க வேண்டும்.

அடுத்த சில மணி நேரம் ஹோஸ் வண்டிக்குரியது. ஒரு வண்டி சுமார் 5,000 அடி ஏற்றிச் செல்லும். அதில் நிமிடத்துக்கு 1,900 லிட்டர் தள்ளினால் உராய்வு 100 பவுண்டு, தாங்கும். 3,800 லிட்டர் தள்ள முயன்றால் 400 பவுண்டு, நடுவே தொடர்பம்பு வண்டி நிறுத்தாமல் முடியாது. ஆகவே ஹோஸ் வண்டி வாங்கும்போது தொடர்பம்பு வண்டியையும் சேர்த்து வாங்க வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே அளவுக் கப்ளிங்கில் (ஹோஸை மாட்டும் இணைப்பு வளையம்) இருக்க வேண்டும். பால்டிமோருக்கு வாஷிங்டன், நியூயார்க் போன்ற ஊர்களிலிருந்து வந்த ஹோஸ்கள் ஹைட்ரன்டில் பொருந்தாமல் நின்ற கதை 1904இலேயே நடந்து முடிந்தது.

இங்கே ஒரு நிலவியல் உண்மை வளைகுடாப் பாடத்தை அப்படியே எடுக்கவிடாது. மேற்கே இருப்பது திறந்த பசிபிக். ஓஷன் பீச்சில் ஆழமற்ற மணலும் ஓயாத அலையும். ஃபீனிக்ஸ் மரீனாவுக்குள் நுழைந்ததைப்போல எந்தப் படகும் அங்கே கரையை ஒட்டி நிற்க முடியாது. கரையிலிருந்து உறிஞ்சினால் மணல் பம்பைத் தின்றுவிடும். எனவே ஹோஸ் வண்டிகள் நம்பவேண்டியது மெர்செட் ஏரியையும் கோல்டன் கேட் பூங்காவின் ஏரிகளையும். அந்த ஏரிக்கரைகளில் தீயணைப்பு வண்டி நிற்க உறுதியான தளமும், தண்ணீர் மட்டத்திலிருந்து 6 மீட்டருக்கு மேற்படாத உயரமும், நிலையான உறிஞ்சு குழாயும் இன்றே அமைத்துவிடலாம். செலவும் கொஞ்சம்தான்.

குழாய் வலை மூன்றாவதாக வரும். காற்றடிக்கும் நாளில் பெருந்தீ ஏற்பட்டால் ஒரே நேரத்தில் பல தெருவுக்கு அழுத்தம் தர அதனால்தான் முடியும். நகரம் மேற்குக்குத் தேர்ந்தது குடிநீர் ஓடும் உயர் அழுத்தக் குழாய். தண்ணீர் எப்போதும் ஓடுவதால் கசிவு உடனே தெரியும், இரும்பை உப்பு அரிக்காது, நிலநடுக்கத்துக்குப் பின் குடிக்கவும் உதவும். இதற்கு எதிராகக் கடல்நீரையே கேட்கும் மறுபக்கத்தினர் சொல்வதும் சரியே: தேக்கம் தீர்ந்தால் என்ன செய்வது? தெற்கிலிருந்து வரும் பெருங்குழாய்கள் பிளவுக்கோட்டைக் கடந்தோ ஒட்டியோதான் வர வேண்டும். என் கணிப்பில் குடிநீர்க் குழாயை ஏற்கலாம், மெர்செட் ஏரிப் பம்பு நிலையம் அதே கட்டத்தில், அதே ஒப்பந்தத்தில் கட்டப்பட்டால். ஏரியைப் பிறகு சேர்ப்போம் என்று தள்ளினால் ஏற்கக்கூடாது.

எந்தத் தண்ணீர் ஓடினாலும், மென்மண் எல்லையில் உள்ள வால்வுகள் ஆளில்லாமல் தானே மூடவேண்டும், மின்சாரம் போனாலும் மூடவேண்டும். 1989இல் தொட்டி வடிந்தது வால்வு இல்லாததால் அல்ல, மூடப்படுமுன் நேரம் போனதால். ஒவ்வொரு வால்வும் ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சுற்று சுழற்றப்பட்டதற்குக் கையெழுத்திட்ட பதிவு இருக்கிறதா என்று குழாய்க்குப் பணம் ஒதுக்குமுன் கேட்க வேண்டும். பதிவு இல்லையென்றால் அந்த ஆண்டின் பணத்தைத் தொட்டிக்கும் ஹோஸ் வண்டிக்கும் மாற்றிவிடுவதே நல்லது.